பசுங்கணிகம் யார் வழி வந்தது? கடல் நுண்பாசியில் கண்டறியும் முறை

நுண்பாசியின் பசுங்கணிகம், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் உள்ளுறுப்பு (குளோரோபிளாஸ்ட்), ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியா என்னும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. அதைச் செரிக்காமல் உள்ளே வைத்துக்கொண்ட செல்லின் வழியில் வந்தவை பச்சை, சிவப்புப் பாசிகள். பிறகு சிவப்புப் பாசியே வேறு செல்களுக்குள் குடியேறியது. கண்ணாடி ஓடுடைய ஒற்றைச்செல் பாசிகளான டயாட்டம்களின் ஒளிச்சேர்க்கை அப்படி வந்தது. உங்கள் பாசி இதில் எந்த வழி என்பதை நிறமி, சவ்வு, மரபணு மூன்றையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஒற்றை இன வளர்ப்பில் தொடங்குங்கள். கலப்புக் கடல்நீரில் எந்த நிறமி எந்தச் செல்லுடையது என்று தெரியாது.

வளர்ப்பை 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளில், மங்கிய வெளிச்சத்தில் வடியுங்கள். தாளை 90% அசிட்டோனில், 4 டிகிரி செல்சியஸில், இருட்டில் ஓரிரவு ஊறவிடுங்கள். அமிலம் பட்டால் பச்சையத்தின் மக்னீசியம் கழன்று சாறு பழுப்பாகிவிடும். பிறகு சாற்றின் நிறமிகளை ஹெச்.பி.எல்.சி. என்னும் உயர்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவியில் பிரியுங்கள். பச்சையம் பி இருந்தால் பச்சைப் பாசி வழி. பச்சையம் சி-யும் ஃபியூக்கோசாந்தினும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் டயாட்டம் அல்லது ஹாப்டோபைட் என்னும் இன்னொரு பாசிக் குழு. பெரிடினின் என்னும் நிறமி, சாட்டையிழையால் நீந்தும் டைனோபிளாஜெல்லேட்டின் அடையாளம். கிரிப்டோபைட் என்னும் பாசிக் குழுவின் சிவப்பு நிறமியான பைக்கோஎரித்ரின் நீரில்தான் கரையும், அசிட்டோன் சாற்றில் வராது. அங்கே அலோசாந்தின் என்னும் நிறமியைத் தேடுங்கள்.

மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கும் நாக்டிலூகாவிடம் ஏமாறாதீர்கள். அது டைனோபிளாஜெல்லேட், ஆனாலும் பச்சையம் பி தரும். அந்தப் பச்சை, அதன் குமிழுக்குள் உயிரோடு நீந்தும் முழுப் பாசிகளுடையது. அவை இன்னும் கணிகமாகவில்லை.

பசுங்கணிகத்தைச் சுற்றியுள்ள சவ்வுகளை மின்னணு நுண்ணோக்கியில் எண்ணுவதுதான் கடினம், பொறுமையோடு செய்ய வேண்டிய வேலையும் அதுவே. செல்லை அப்படியே நிலைநிறுத்தும் 2.5% குளூட்டரால்டிஹைடில் சுக்ரோஸ் சேர்த்து, கரைசலின் அழுத்தத்தைக் கடல்நீருக்கு இணையாக்குங்கள். அடுத்து 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடு. அழுத்தம் பொருந்தாவிட்டால் செல் சுருங்கியோ வீங்கியோ சவ்வு கிழியும். நான்கு சவ்வு மூன்றாகத் தெரியும். சவ்வு செங்குத்தாக வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும், பல வெட்டுகளில் எண்ணுங்கள். பச்சைப் பாசியில் இரண்டு, பெரிடினின் உள்ளவற்றில் மூன்று, டயாட்டத்தில் நான்கு. கிரிப்டோபைட்டில் இரண்டாம் சவ்வுக்கும் மூன்றாம் சவ்வுக்கும் நடுவே, விழுங்கப்பட்ட பாசியின் சுருங்கிய உட்கருவும் இருக்கும். அது கிடைத்தால், ஒரு பாசி இன்னொரு செல்லுக்குள் குடியேறியது என்பதற்கு வேறு சான்றே வேண்டாம்.

மரபணுவில், கணிகத்தின் 16 எஸ், உட்கருவின் 18 எஸ் என்னும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களைத் தனித்தனி உறவு மரமாக வரையுங்கள். டயாட்டத்தின் கணிகம் சிவப்புப் பாசியோடு சேரும். உட்கருவோ, பூஞ்சை போலத் தோன்றும், ஒளிச்சேர்க்கையே இல்லாத ஊமைசீட்டுகளோடு (oomycetes) உறவு காட்டும். வளர்ப்பில் ஒட்டிய பாக்டீரியாவின் 16 எஸ் குறுக்கிடும் என்பதால், கணிகத்துக்கே உரிய தொடக்கி இழைகளை (பிரைமர்களை) மரபணுவைப் பெருக்கப் பயன்படுத்துங்கள்.