மாநில மசோதாக்கள் மீது நகர மன்றக் குழு நிலைப்பாடு எடுக்கும் முறை

கலிஃபோர்னியாவின் சட்டமன்றத்தில், 80 உறுப்பினர்கள் கொண்ட பேரவையிலும் 40 உறுப்பினர்கள் கொண்ட மேலவையிலுமாக, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் அறிமுகமாகின்றன. நகர மன்றத்தின் சட்டமியற்றல் குழு அவை அனைத்தையும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே வீட்டுவசதி, நில மண்டலக் கட்டுப்பாடு, வரி வருவாய், குடிநீர் போன்றவற்றில் நகரத்தின் பொதுக் கொள்கைகளை ஓர் ஆவணமாக எழுதி, முழு மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும். அந்த ஆவணத்துக்கு உட்பட்ட மசோதா வந்தால் நகரத்தின் நிலைப்பாட்டைச் சட்டமன்றத்துக்குத் தெரிவிக்கும் கடிதத்தில் மேயர் உடனே கையொப்பமிடலாம் என்பதை அதிலேயே எழுதி வைப்பது நல்லது. குழுவின் நேரம், அதில் அடங்காத மசோதாக்களுக்கும் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழக்கூடிய மசோதாக்களுக்கும் மட்டும் செலவாக வேண்டும்.

மசோதாவை அதன் முகப்பில் உள்ள, சட்டமன்றத்தின் சட்ட ஆலோசகர் எழுதிய சுருக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். திருத்தப்பட்ட பதிப்புகளில் நீக்கப்பட்ட சொற்கள் குறுக்குக்கோடிட்டும் சேர்க்கப்பட்டவை சாய்வெழுத்திலும் அச்சாகியிருக்கும். ஒரு நகரத்துக்கு வரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அந்தச் சாய்வெழுத்துகளில்தான் இருக்கின்றன. பிறகு நேராகக் கடைசிப் பிரிவுக்குச் செல்லுங்கள். உள்ளாட்சிகள் மீது புதிய கடமையைச் சுமத்தும் பல மசோதாக்கள், கட்டணம் விதித்துச் செலவை ஈடுசெய்யும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருப்பதால் மாநிலம் ஈட்டுத்தொகை தர வேண்டியதில்லை என்று அங்கே அறிவித்துவிடுகின்றன. உங்கள் நிதித்துறை பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி அதுவே: அந்தக் கட்டணத்தை யாரிடமிருந்து, எவ்வளவு வசூலிப்பது?

நிலைப்பாட்டுக்கான சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் குழுவின் மையமான வேலை. ஆதரவு, எதிர்ப்பு, கண்காணிப்பு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கண்காணிப்பு என்பது கடிதம் அனுப்பாமல் காத்திருப்பது மட்டுமே. சங்கடமான முடிவைத் தள்ளிப்போடவும் அது அடிக்கடி பயன்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகம் சாதிப்பவை ‘திருத்தினால் ஆதரவு’, ‘திருத்தாவிட்டால் எதிர்ப்பு’ என்ற இரண்டு இடைநிலைகளே. மசோதாவைக் கொண்டுவந்தவருக்கு எதிர்ப்புப் பட்டியலிலிருந்து ஒரு நகரத்தை நீக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. நகரத்துக்குப் பேரம் பேச இடம் கிடைக்கிறது. ஆனால் திருத்தத்தின் சொற்களை நீங்களே எழுதிக் கொடுக்காவிட்டால் இந்த நிலைப்பாடு வெறும் முணுமுணுப்பாகவே முடியும். எடுத்துக்காட்டாக, கட்டட அனுமதி விண்ணப்பங்களை 30 நாள்களுக்குள் முடிக்கச் சொல்லும் ஒரு மசோதாவை எண்ணிப் பாருங்கள். “காலக்கெடு போதாது” என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். “‘விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து’ என்பதற்குப் பதிலாக ‘விண்ணப்பம் முழுமையானது என நகரம் அறிவித்த நாளிலிருந்து’ என்று மாற்றுக” என்று எழுதினால், அதை அப்படியே எடுத்துச் சேர்த்துவிட முடியும்.

குழுவின் தீர்மானத்தில் எந்தத் தேதியில் திருத்தப்பட்ட பதிப்பைப் பார்த்து முடிவெடுக்கப்பட்டது என்பதைத் தவறாமல் பதியுங்கள். ஒரு மசோதாவின் உள்ளடக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு, அதே எண்ணில் வேறொரு பொருளை நுழைக்கும் பழக்கம் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் உண்டு. ஏப்ரலில் நீங்கள் ஆதரித்த எண் ஆகஸ்டில் வேறொரு சட்டத்தைச் சுமந்து நிற்கலாம். 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற 54-ஆம் முன்மொழிவின்படி, இறுதி வாக்கெடுப்புக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே மசோதா அச்சிலும் இணையத்திலும் வெளியாகியிருக்க வேண்டும். எனினும் மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கு அந்த அவகாசம் போதாது. எனவே பொருள் மாறினால் நிலைப்பாட்டைத் திரும்பப் பெறும் அதிகாரத்தை நகர மேலாளருக்கு முன்கூட்டியே அளித்துவிடுங்கள்.

உங்கள் கூட்டமும் சட்டத்துக்கு உட்பட்டதே. உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி நிலைக்குழுவின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். அவர்கள் பேசவும் வாய்ப்பளிக்க வேண்டும். நிரலில் “மாநில மசோதாக்கள்” என்று மொத்தமாகப் போடாமல் ஒவ்வொன்றின் எண்ணையும் பொருளையும் எழுதுங்கள். வாக்காளர் முன் செல்லும் முன்மொழிவுகளை மசோதாக்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: அவற்றுக்காகப் பொதுப்பணத்தில் பிரச்சாரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் வரியிலேயே மசோதா எண்ணும் நிலைப்பாடும் வரட்டும். மசோதாவை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் காலக்கெடுவுக்குள் அது சென்றடைந்தால், குழுவின் ஆய்வறிக்கையில் உங்கள் நகரத்தின் பெயர் இடம்பெறும். கெடு தவறிய கடிதம் அந்த அறிக்கையில் ஏறாது. மசோதா இரு அவைகளையும் கடந்தபின் ஆளுநருக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். பொதுவாக அவருக்கு 12 நாள்கள்தாம் உண்டு. கூட்டத்தொடர் இறுதியில் வந்து சேரும் மசோதாக்களுக்கு மட்டும் அவகாசம் நீளும். அந்தக் கடிதத்தின் வரைவை முதல் கடிதத்தோடு சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.