சாவு வீட்டை அனிமேஷன் செய்யப் போகிறவர்களுக்கு

சனிக்கிழமைகளில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் என்னிடம் அனிமேஷன் கற்க வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது அசையும் பயணக் குறிப்பு செய்கிறார்கள், இரண்டுமே தீவுகளின் சாவுச் சடங்குகள். ஸ்டோரிபோர்டைப் பார்த்ததும் என் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. இவற்றை வரைகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன். கோப்பைச் சேமிக்காமல் தூங்கப் போவது போன்றவை பட்டால் தானே தெரியும், அதை விடுங்கள்.

தீவென்றால் தென்னை

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தோராஜா மக்கள் வாழும் தானா தோராஜா மலைநாடு. கடற்கரை வராது.

கமேலான் ஒட்டுவது

வெண்கல மணிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த அந்த வாத்திய இசை பாலியிலும் ஜாவாவிலும். தோராஜா துக்கத்துக்கு, வட்டமாகக் கைகோத்து நின்று பாடும் மாபாடோங்கைக் கேளுங்கள்.

இறந்தவரைப் பிணமாக வரைவது

என் காசு போனது இதில்தான். தோராஜா வீட்டில் ஒரு தாத்தா படுத்திருக்கும் காட்சி, 40 விநாடி, விநாடிக்கு 12 படம், ஆக 480 படம். சாம்பல் முகம், மூக்கில் பஞ்சு, தலைமாட்டில் விளக்கு, சுற்றி ஒப்பாரி. வண்ணம் தீட்ட ஒரு தம்பிக்குக் கூலியும் கொடுத்தாச்சு. அப்புறம் தோராஜாக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, அவ்வளவுதானே, மூக்கில் எதற்குப் பஞ்சு?" என்றார்.

ராம்பு சோலோ என்னும் இறுதிச் சடங்கில் எருமை வெட்டும் வரைக்கும் அங்கே இறந்தவர் 'தோ மக்குலா', அதாவது நோயாளி. எருமைக்குப் பணம் சேர மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். அதுவரை உடலை ஃபார்மலின் போட்டு வீட்டிலேயே வைத்து, சாப்பாடு கொண்டுபோய் வைத்து, பேச்சும் கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமலா? 'நோயாளி' என்று சப்டைட்டில் எழுதியதே நான்தான்! கைதான் எங்கள் அப்பாவின் சாவு வீட்டை வரைந்துவிட்டது. காலையில் போனவரைச் சாயங்காலமே பத்து லஞ்சாங் மயானத்துக்குக் கொண்டுபோன வீடு. 480 படமும் குப்பைக்கு. திரும்ப வரைந்தபோது முகத்துக்கு நிறம் கொடுத்தேன், பாய் ஓரத்தில் காப்பி வைத்தேன், வருகிறவர்களை நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி நடக்கவிட்டேன்.

போன வாரம் ஒரு பையன் பாலியின் துருன்யானில் சிதை மூட்டியிருந்தான். பாலி என்றால் எரிப்பார்கள் என்று அவன் கணக்கு. அந்த ஊரில் எரிப்பதே இல்லை, மூங்கில் கூண்டுக்கடியில் தரையில் கிடத்துவார்கள், பக்கத்தில் நிற்கும் தாரு மெஞான் மரம் நாற்றத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. நல்லவேளை, அவன் இன்னும் பென்சிலில்தான் இருந்தான்.

எருமை ரத்தம்

இரண்டு விநாடி போதும்.

தாவ்-தாவ் பொம்மைகளைக் கண் சிமிட்ட வைப்பது

வேண்டாம் தம்பி. தாவ்-தாவ் என்பது இறந்தவரின் உருவமாகத் தோராஜாவில் செதுக்கி வைக்கும் பொம்மை. அது யாரோ ஒருவரின் பாட்டி.