அமீரகத்துக்குக் குடும்பத்தை அழைக்கிறீர்களா? கல்யாணச் சான்றிதழின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கருங்கல், குளச்சல், மார்த்தாண்டம் பக்கமிருந்து துபாய், ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு இது. சம்பளம் ஒரு நிலைக்கு வந்ததும் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளத்தான் மனசு துடிக்கும்.

சம்பளம் 4,000 திர்ஹாம் வேண்டும். கம்பெனி வீடு தந்தால் 3,000 போதும். பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் எடுக்கும் பெட் ஸ்பேஸ் ஆகாது, வாடகை ஒப்பந்தம் வேண்டும்; துபாயில் அந்த ஒப்பந்தத்தை அரசிடம் பதிய எஜாரி பதிவு உண்டு. அப்புறம் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, இன்ஷூரன்ஸ். இதையெல்லாம் விசா விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரிலேயே சொல்லித் தருவார்கள்.

ஆளைக் கவிழ்ப்பது கல்யாணச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட் எடுக்க இப்போது கல்யாணச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால், கோயிலில் தந்த காகிதமே போதும் என்று நம் ஊரில் பலரும் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். கல்யாணமாகி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளும் இனிஷியலும் அதில் அப்படியே வரட்டும்.

பதிந்தவர்களையும் விடாத ஒன்று இருக்கிறது. சென்ட்ரிங் வேலைக்கு வந்து ஃபோர்மேனாக உயர்ந்த என் நண்பன் ஊரில் ஓர் ஏஜெண்டிடம் சான்றிதழைக் கொடுத்தான். "எல்லா முத்திரையும் போட்டாச்சு" என்று சொல்லி மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டார் அந்த ஆள். போட்டிருந்தது அபோஸ்டில் மட்டும்; அதாவது, ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வெளியுறவு அமைச்சக முத்திரை. அது ஓமன், பஹ்ரைனுக்குச் சரி. 2022 டிசம்பரிலிருந்து சவுதிக்கும் சரி. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இங்கே வேண்டியது நாலு கட்டம்: முதலில் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், அதன்பின் இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம். இந்தக் கடைசி முத்திரைக்கு 150 திர்ஹாம். அரபி மொழிபெயர்ப்புச் செலவு தனி.

தூதரக முத்திரை இல்லையென்று இங்கே திருப்பிவிட்டார்கள். திருவனந்தபுரம் போகிற ஒருவர் கையில் அசல் சான்றிதழ் மறுபடியும் ஊருக்குப் போனது. இங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறந்துவிடும். மகளுக்குப் பேசி வைத்திருந்த இடம் போயிற்று. மனைவி வருவாள் என்று பாத்திரம் பண்டமெல்லாம் வாங்கி அடுக்கிய வீட்டில் அவன் தனியாக மரச்சீனி அவித்துத் தின்றதைப் பார்த்தவன் நான். அந்த ஏஜெண்ட் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. உழைத்துச் சேர்த்த காசு அது.

ஆகையால் மக்களே, பணம் கொடுக்கும் முன் "அமீரகத் தூதரக முத்திரையும் சேர்த்துத்தானே?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் சான்றிதழின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் வரவழைத்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே நாலு கட்டம்தான். ஒன்றாகவே அனுப்பினால் அலைச்சல் குறையும். ஏப்ரலில் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் ஓணத்துக்கு முன்பே ஊரில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.