மட்டிப்பழ கேக்குக்கு வால்நட்டா, பீக்கனா?

மட்டிப்பழம் (எங்கள் குமரிப் பக்கத்துச் சின்ன வாழைப்பழம்) போட்டு கேக் செய்யும்போதெல்லாம் வால்நட் கடிபடும் இடத்தில் ஒரு கசப்பு, பிள்ளைகள் பருப்பை மட்டும் பொறுக்கி ஒதுக்கிவிடுவார்கள். நாகர்கோவில் கடைகளில் வால்நட் இனத்துப் பருப்பான பீக்கன் அவ்வளவாகக் கண்ணில் படாது, சரி என்று ஆன்லைனில் ஒரு சின்ன பாக்கெட் வரவழைத்தேன். கசப்பு போனது உண்மைதான். பீக்கனில் கொழுப்பு கூடுதல், 100 கிராமில் சுமார் 72 கிராம், வால்நட்டில் 65தான், அதனால் வெண்ணெய் மாதிரி ஒரு மென்மை. ஆனால் மட்டியே நல்ல இனிப்பு, அதோடு இதுவும் சேர்ந்து கேக் திகட்டியது, அதுவும் அந்த விலைக்கு!

அப்புறம் வால்நட்டையே சரிப்படுத்தினேன். கசப்பு பெரும்பாலும் மேல்தோலில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளால் வருவது, எனவே கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து, 175 டிகிரி ஓவனில் நிறம் மாறும்வரை வறுத்து, சூட்டோடு துவர்த்தில் (துண்டில்) கட்டித் தேய்த்தால் தோல் நிறையவே உதிரும். கேக்கில் கசப்பு தெரியவில்லை.

காறல் வாடை அடிக்கும் பருப்புக்கு மட்டும் இது உதவாது. வால்நட் எண்ணெய் சீக்கிரம் காறும், நம்மூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இன்னும் சீக்கிரம், அதனால் பாக்கெட் பிரித்ததும் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசருக்குப் போகிறது. மிச்ச பீக்கன் வெண்ணெய் பிஸ்கட்டில் அருமையாக இருந்தது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாங்கலாம்.