ரங்கூன் தெருவில் போராட்டத்தைப் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ரங்கூனில் அதை எதிர்த்த ஊர்வலங்களையும் சுவரெழுத்துகளையும் போனில் படம் பிடித்தவர்களில் இங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. படம் கட்டாயம் வேண்டும். சாட்சி இல்லாவிட்டால், நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதித்துவிடுவார்கள். ஆனால் எடுப்பவர் தன் பாதுகாப்பை நினைக்கிற அளவுக்குப் படத்தில் விழுகிறவரை நினைப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் வருகின்றன.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைப்பதைப் பாருங்கள். திடீர் ஊர்வலம் சில நிமிடங்களில் கலைந்துவிடும், படம் அப்படியே நிற்கும். கைலியின் கட்டம், தோள்பை, கையில் குத்திய பச்சை, ஹெல்மெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், இவற்றில் ஒன்று போதும், வார்டில் பழகியவர் ஆளைச் சொல்லிவிடுவார். நம்மவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாஸ்க் போட்டிருந்தாலும் நெற்றியில் திருநீறும் மணிக்கட்டில் கோயில் கயிறும் தெரிந்தால், அந்தத் தெருவில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? முதுகுப் பக்கமிருந்து எடுங்கள். எதிர்ப்புச் சைகையாக உயர்த்திய மூன்று விரல்களை மட்டும் எடுங்கள், கயிறு தெரியாமல்.

மறைக்கும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். ஐபோனில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகப் பூசினால் மறைந்ததுபோல் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் உள்ளே முகம் தெரியும். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால், எடுத்த இடமும் நேரமும் படத்தோடு சேர்ந்தே போகும்.

சுவரெழுத்தில் ஆள் இல்லையே, அதில் என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். சுவருக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயில் கோபுரம் மூலையில் கொஞ்சம் விழுந்தாலே இடம் தெரிந்துவிடும். பக்கத்துக் கடைப் பலகை, கதவு எண், மாடிக் கொடியில் காயும் துணி என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். பெயிண்ட் ஈரம் காயுமுன் படம் வெளியே வந்தால், "யார் எழுதியது?" என்று முதலில் விசாரிக்கப்படுவது அந்த வீடுதான். எழுத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள். எழுதுகிற கையை எடுக்கவே எடுக்காதீர்கள். சுவர் எங்கே இருந்தது என்பதும் வரலாறுதானே என்பீர்கள். சரி, அகலமாகவும் ஒன்று எடுத்துப் பத்திரமான இடத்தில் வையுங்கள், இப்போது வெளியிட வேண்டாம்.

கூட்டமே இல்லாத நாளில் பயமில்லை என்ற நினைப்பும் தவறு. 2021 டிசம்பர் 10 அன்று மௌன வேலைநிறுத்தம். மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள், தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அந்தத் தெருக்களைப் படம் எடுத்த புகைப்படக்காரர் சோ நைங்கை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் காவலிலேயே இறந்துபோனார்.

அப்புறம், போன். அழித்த படம் ஐபோனில் 'சமீபத்தில் அழித்தவை' பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். கூகுள் போட்டோஸில் ஏறியிருந்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தும் இந்த இரண்டையும் காலி செய்ய மறந்துவிடுகிறோம். படம் சிக்கினால், இராணுவத்தை எதிர்ப்பவர்கள் மேல் போடும் தண்டனைச் சட்டத்தின் 505(அ) பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. விரல்ரேகையில் திறக்கும் வசதியையும் கிளம்புமுன் நிறுத்திவிடுங்கள். விரலைப் பிடித்து அழுத்த வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை.

சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் மாமாவுக்கு ஆசையாக அனுப்புகிறோம். அவர் பெருமையோடு ஃபேஸ்புக்கில் போட்டு, நம் பேரையும் தெருவையும் எழுதிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அங்கே அப்படிப் பயந்து பழக்கமில்லை. மறைக்காத படத்தைச் சொந்தக்காரருக்குக்கூட அனுப்பாதீர்கள்.

வெளியூரிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று. 2021 பிப்ரவரி 13 முதல் இரவு விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் மறுபடியும் வந்துவிட்டது. பக்கத்து ஊரான பெகுவிலிருந்து வந்து ரங்கூனில் அத்தை வீட்டில் சொல்லாமல் தங்கினால், நள்ளிரவுச் சோதனையில் அத்தையும் மாட்டுவார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் தயங்கினால் பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுங்கள்.