பேஸ் கிட்டார் பழக ஃபங்க், ஜாஸ் ஆல்பங்கள்: எந்த வரிசையில், எப்படி வாசிப்பது

பேஸ் வாங்கிய புதிதில் எந்த ஆல்பத்தைக் கேட்கலாம் என்று விசாரித்தால் பெரும்பாலும் முதலில் வருகிற பெயர் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ். 1976-இல் அவர் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்தது. அதன் முதல் உருப்படி ‘டானா லீ’. ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத பேஸ், துணைக்குக் கொங்கா முரசு மட்டும். சாக்ஸபோன்காரர்களுக்கே மூச்சுவாங்கும் பீபாப் (அதிவேக ஜாஸ் பாணி) மெட்டை அதில் வாசித்துத் தள்ளியிருப்பார். கேட்க வேண்டிய ஆல்பம்தான். ஆனால் மூன்று மாதமாகப் பழகுகிறவர் அதைப் போட்டுக் கூடவே வாசிக்க உட்கார்ந்தால், அடுத்த வாரம் பேஸ் உறைக்குள் போய்விடும்.

அதனால் இங்கே ஜாகோ கடைசியில் வருகிறார். முதலில் ஃபங்க், பிறகு ஜாஸ். ஃபங்க் பேஸில் ஒரு நோட்டை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. ஜாஸின் வாக்கிங் பேஸில் (தட்டுக்கு ஒரு நோட்டாக நடந்துபோகும் பேஸ்) அதே இடது கை நேர் எதிரான வேலை செய்ய வேண்டும்: அடுத்த நோட் வரும்வரை இருக்கும் நோட்டை விடக்கூடாது. நிறுத்தக் கற்ற கைக்கு நீட்டுவது சீக்கிரம் வரும். முதலிலேயே நீட்டிப் பழகிய கை நிறுத்தப் படாதபாடு படும்.

படி 1: கேட்கும் ஏற்பாடு

போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பேஸ் பழக முடியாது. நான்கு தந்தி பேஸில் தடித்த இ (E) தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. அதன் மேல்ஸ்தாயி நிழல்தான் காதில் விழும். சுமாரான வயர் ஹெட்போன் போதும். புளூடூத் ஹெட்போனைப் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வாசிக்கும்போது ஒலி கொஞ்சம் பிந்தி வரும், உங்கள் தாளம் குழம்பும்.

டியூனர் ஆப், மெட்ரோனோம் ஆப், வேகத்தை 0.75-க்குக் குறைக்கக்கூடிய பிளேயர், இவ்வளவுதான் தேவை. யூடியூபிலேயே வேகம் குறைக்கும் வசதி இருக்கிறது, சுருதி மாறாது.

எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் பேஸைத் தொடாமல் இரண்டு முறை கேளுங்கள். பிறகு பேஸ் வரியை வாயால் பாடுங்கள். ‘டும்-டும்’ என்று எப்படியாவது, கூச்சப்படாமல். வாயால் பாட முடியாத வரி விரலில் வராது. அதன்பிறகு ரூட் நோட்டை, அதாவது வரிக்கு அடிப்படையான நோட்டை, தேடிப் பிடியுங்கள். டேப் (ஃபிரெட் எண்களால் எழுதிய இசைக்குறிப்பு) பார்ப்பதெல்லாம் கடைசியில். டேப் எந்த ஃபிரெட் என்று சொல்லும், நோட் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

படி 2: ஒரே நோட். ‘ஸ்டாண்ட்!’, ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன், 1969

இந்த ஆல்பத்தில் ‘எவ்ரிடே பீப்பிள்’ என்ற பாட்டைப் போடுங்கள். குழுவின் பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் பாட்டு முழுக்க ஒரே நோட்டைத்தான் வாசிக்கிறார். ஜி, அவ்வளவுதான். மேலே பியானோவும் குரல்களும் மாறிக்கொண்டே இருக்கும், பேஸ் அசையாது. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையே என்று தோன்றும். கூடவே வாசித்து, அதைப் போனில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். அவருடைய ஜி துள்ளும், உங்களுடையது இழுவையாகக் கிடக்கும். நோட் ஒன்றுதான், நீளம் வேறு.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். ஜி தந்தியைத் திறந்த நிலையில் மீட்டாதீர்கள். இ தந்தியின் 3-ஆம் ஃபிரெட்டில் பிடியுங்கள். திறந்த தந்தியை நிறுத்த இன்னொரு விரல் வேண்டும். ஃபிரெட்டில் பிடித்த நோட்டை, விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் நிறுத்திவிடலாம். விரலை முழுக்கத் தூக்கினால் தந்தி ‘ங்ங்’ என்று முனகும். ஃபங்க் வாசிக்கிறவர்கள் திறந்த தந்தியை அளவாகவே தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பயிற்சி. மெட்ரோனோமை 80-இல் வையுங்கள். நான்கு தட்டு ஒரு பார். முதல் தட்டில் ஜி-யை மீட்டி, இரண்டாம் தட்டு ஒலிக்கும் அதே கணத்தில் நிறுத்துங்கள். டிரம்ஸில் ஸ்னேர் (‘டப்’ என்று ஒலிக்கும் டிரம்) விழும் இடம் அது. உங்கள் நோட் ஸ்னேருக்கு வழிவிட வேண்டும். அது கைக்கு வந்ததும் பாதி நீளத்தில் நிறுத்துங்கள். பிறகு கால் நீளம். மூன்று நீளங்களும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அலுப்பான பயிற்சிதான், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஸ்லாப் முறைக்கு வழிபோட்டவரும் இதே கிரஹாம்தான். அம்மாவுடன் சேர்ந்து கிளப்புகளில் வாசித்த காலத்தில் அவர்களுக்கு டிரம்மர் இல்லாமல் போனது. கிக் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், ஸ்னேருக்குப் பதில் விரலால் சுண்டினார். ஸ்லாப் பழக ஆசை வரும்போது இதை நினைவில் வையுங்கள்: இல்லாத டிரம்மை நிரப்பப் பிறந்த உத்தி அது. அவர் ஸ்லாப் கேட்க ‘தேங்க் யூ’ பாட்டைத் தேடுங்கள். அது இந்த ஆல்பத்தில் இல்லை, 1969 கடைசியில் தனி சிங்கிளாக வந்தது.

படி 3: கிட்டாரோடு ஒட்டி. ‘தி மீட்டர்ஸ்’, 1969

நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். பாடகர் இல்லை, வெறும் நான்கு வாத்தியம்: ஆர்ட் நெவில் ஆர்கன், லியோ நோசென்டெல்லி கிட்டார், ஸிகபூ மொடலிஸ்ட் டிரம்ஸ், ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர் பேஸ். கூட்டம் குறைவு என்பதால் பேஸ் பளிச்சென்று கேட்கும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது.

முதல் உருப்படி ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’. சி மைனர். கிட்டாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். சி மைனர் பென்டடானிக்கை (ஐந்து சுர வரிசை) எ (A) தந்தியில், அதாவது இ-க்கு அடுத்த தந்தியில், 3-ஆம் ஃபிரெட்டிலிருந்து பிடிக்கத் தெரிந்தால் பெரும்பாலான நோட்டுகள் கைக்குள் வந்துவிடும். கடினம் நோட்டில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. வரி ஓடி வந்து சட்டென்று நிற்கும், அந்த மௌனத்தில் டிரம்ஸ் மட்டும் பேசும். அங்கே உங்கள் தந்தி ஒன்றுகூட அதிரக்கூடாது. வலது கைக் கட்டைவிரலை இ தந்தியின்மேல் சாய்த்து வையுங்கள். இடது கையின் மிச்ச விரல்கள் மற்றத் தந்திகளை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும்.

படி 4: அலுக்காமல் சுற்று. ‘இன் தி ஜங்கிள் குரூவ்’, ஜேம்ஸ் பிரவுன்

1986-இல் வந்த தொகுப்பு. உள்ளே இருப்பவை 1969 முதல் 1971 வரையான பதிவுகள். 1970-இல் பிரவுனின் இசைக்குழு சம்பளத் தகராறில் பிரிந்தபோது, சின்சினாட்டியிலிருந்து ஓர் இளைஞர் குழுவை அவசரமாக வரவழைத்தார். அதில் பேஸ் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு அப்போது வயது 18. பையன் நோட்டுகளை அள்ளி வீசுவான். முதல் தட்டை மட்டும் எனக்குச் சரியாகக் கொடு, மிச்சத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பதுதான் பிரவுன் அவருக்குக் கொடுத்த பாடம் என்று பூட்ஸியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் ‘சோல் பவர்’ பாட்டை எடுங்கள். முழு வரியும் வராவிட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு பாரின் முதல் தட்டை மட்டும் பாட்டு முடியும்வரை வாசியுங்கள், விடாமல். நடுவில் கை தானாக அலங்காரம் சேர்க்கத் துடிக்கும். சேர்க்காதீர்கள்.

படி 5: பாலம். ‘ஹெட் ஹன்டர்ஸ்’, ஹெர்பி ஹான்காக், 1973

ஃபங்கிலிருந்து ஜாஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தாண்டுகிற பாலம். மொத்தமே நான்கு உருப்படிகள். முதலாவது ‘கமீலியன்’, 15 நிமிடத்துக்கு மேல் ஓடும். தொடக்கத்தில் உலகப் புகழ்பெற்ற அந்த பேஸ் வரி வருகிறதே, அதை வாசிப்பது பேஸ் கிட்டாரே இல்லை. ஹான்காக் ஆர்ப் ஒடிஸி சின்தசைசரில் வாசிக்கிறார். பேஸ் கலைஞர் பால் ஜாக்சன் பிறகுதான் நுழைகிறார், அதுவும் மேலே, கிட்டார்போல ஒலிக்கும் இடத்தில்.

பேஸ்காரருக்கு இது அதிர்ஷ்டம், ஒரே பாட்டில் இரண்டு வேலை கிடைக்கிறது. முதல் நாள் சின்தசைசர் வரியை உங்கள் பேஸில் எடுங்கள். இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பு): பி ஃபிளாட் மைனர், இ ஃபிளாட் ஏழு. வரி அரைச்சுரம் அரைச்சுரமாக (ஒவ்வொரு ஃபிரெட்டாக) ஏறிவந்து ரூட்டில் விழும். இ தந்தி 6-ஆம் ஃபிரெட், எ தந்தி 6-ஆம் ஃபிரெட், இந்த இரண்டுதான் உங்கள் வீடுகள். சின்தசைசரில் விசையை விட்டதும் ஒலி வெட்டுப்பட்டு நிற்கும். படி 2-இல் பழகிய கால் நீள நோட் இங்கே கைகொடுக்கும். அடுத்த நாள் அந்த வரியை மறந்துவிட்டு, பால் ஜாக்சன் எங்கே பேசுகிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது உருப்படியின் பெயர் ‘ஸ்லை’. யாருக்கு வணக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 6: நடக்கப் பழகு. ‘நைட் டிரெயின்’, ஆஸ்கர் பீட்டர்சன் ட்ரையோ

1962 டிசம்பரில் பதிவானது, 1963-இல் வெளிவந்தது. பியானோ, டிரம்ஸ், பேஸ் மட்டும். பேஸ் ரே பிரவுன். இனி வருவது நிற்க வைத்து வாசிக்கும் டபுள் பேஸ். உங்கள் எலக்ட்ரிக் பேஸில் அந்த மாதிரித் தொனி வேண்டுமென்றால் டோன் குமிழைக் குறைத்து, கழுத்துப் பக்கம் தள்ளி மீட்டுங்கள்.

‘சி ஜாம் புளூஸ்’ எடுப்போம். 12 பார் புளூஸ், சுருதி சி. நான்கு பார் சி, இரண்டு பார் எஃப், இரண்டு பார் சி, பிறகு ஜி-க்குப் போய்த் திரும்ப சி. ஜாஸ்காரர்கள் ஜி-க்கு முன்னால் டி மைனரைச் செருகுவார்கள். வாக்கிங் என்றால் ஒரு பாருக்கு நான்கு நோட், தட்டுக்கு ஒன்று. முதல் தட்டில் கார்டின் ரூட். நான்காவது தட்டில் அடுத்த ரூட்டுக்கு அரைச்சுரம் பக்கத்தில் இருக்கும் ஒரு நோட். நடுவில் கார்டிலுள்ள நோட்டுகள். சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும் பாருக்கு ஓர் உதாரணம்: சி, இ, ஜி, ஜி ஃபிளாட். அடுத்த பாரின் முதல் தட்டில் எஃப். வாசித்துப் பாருங்கள், ஜி ஃபிளாட் காதில் உறுத்துவதற்குள் எஃப் வந்து ஆற்றிவிடும்.

இங்கேதான் ஃபங்க் பழகிய கையை மாற்ற வேண்டும். ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவில் காற்று புகக்கூடாது. மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். டிரம்ஸில் ஹை-ஹாட் சிம்பல் மிதிபடும் இடம் அதுதான். இன்னொன்று: இந்தப் பாட்டில் பியானோ தனி ஆவர்த்தனத்தின் சில சுற்றுகளில் முதல் நான்கு பார்களுக்கு பேஸும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ளும். எண்ணிக்கை தவறாமல் ஐந்தாவது பாரில் எஃப்-இல் நுழைய வேண்டும்.

படி 7: ‘கைண்ட் ஆஃப் புளூ’, மைல்ஸ் டேவிஸ், 1959

எல்லாப் பட்டியலிலும் இருக்கும் ஆல்பம். பேஸ்காரர் தனியாகப் பார்க்க வேண்டிய காரணம் ‘ஸோ வாட்’: மெட்டையே பேஸ்தான் வாசிக்கிறது. பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் கேள்வி கேட்க, பியானோவும் ஊதுகருவிகளும் இரண்டு கார்டில் பதில் சொல்கின்றன. அமைப்பு 32 பார்: 16 பார் டி டோரியன், 8 பார் அரைச்சுரம் ஏறி இ ஃபிளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. டி டோரியன் என்றால் கீபோர்டில் டி-யிலிருந்து டி வரை வெள்ளைக் கட்டைகள். கார்ட் மாறாததால் வாக்கிங் சுலபம் என்று நினைப்பீர்கள். 16 பார் ஒரே இடத்தில் நடந்து பாருங்கள், அப்போது தெரியும் சேம்பர்ஸின் அருமை. புதியவர்கள் ‘ஆல் புளூஸ்’ பாட்டில் தொடங்கலாம், அங்கே பேஸ் ஒரு சின்னச் சுற்றையே திரும்பத் திரும்ப வாசிக்கும்.

ஓர் எச்சரிக்கை. பழைய எல்பியிலும் அதிலிருந்து வந்த பதிப்புகளிலும் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சற்றே உயர்ந்த சுருதியில் இருக்கும். ஒலிப்பதிவு நாடா இயந்திரம் அன்று கொஞ்சம் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1990-களில் வந்த மறுபதிப்புகளில் திருத்தினார்கள். டியூனர் சரி என்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் உங்கள் பேஸைச் சந்தேகிக்காதீர்கள், வேறு பதிப்பைப் போடுங்கள்.

படி 8: இனி உங்கள் விருப்பம்

டானி ஹாத்தவேயின் ‘லைவ்’, 1972. கடைசிப் பாட்டு ‘வாய்ஸஸ் இன்சைட்’. அதில் வில்லி வீக்ஸ் வாசிக்கும் பேஸ் சோலோவைக் கேளுங்கள். வித்தை காட்டும் அவசரமே இல்லாமல் க்ரூவிலிருந்தே (பாட்டின் தாள ஓட்டம்) கொஞ்சம் கொஞ்சமாக எழும், கூட்டம் கத்தித் தீர்க்கும். என்னைக் கேட்டால், சோலோ என்றால் இதுதான் சோலோ.

விரல் வேகத்துக்கு டவர் ஆஃப் பவரின் ‘பேக் டு ஓக்லண்ட்’, 1974. ராக்கோ பிரெஸ்டியாவின் பதினாறாம் பகுப்பு நோட்டுகள் (தட்டுக்கு நான்கு) பாதி ஒலி, பாதி தட்டல். இடது கையால் அடக்கி வாசிப்பதன் உச்சம். ஸ்டான்லி கிளார்க்கின் ‘ஸ்கூல் டேஸ்’, 1976, பேஸ் முன்னால் வந்து நிற்கும் ஆல்பம். கேட்கலாம், கூட வாசிக்க அவசரம் வேண்டாம்.

பிறகு ஜாகோ. அவர் பெயரிலான ஆல்பத்துக்கு முன் வெதர் ரிப்போர்ட்டின் ‘ஹெவி வெதர்’, 1977. ‘டீன் டவுன்’ பாட்டில் மெட்டு அவருடைய பேஸில்தான், டிரம்ஸும் அவரே. வேகத்தை 0.5-க்குக் குறைத்து, முதல் நான்கு பாரை மட்டும் எடுங்கள். வாயால் பாட வந்த பிறகு 0.75.