டெஸ்ட், தடுப்பூசி, தேதிக் கணக்கு: நோய்க்கால விதிகளுக்கு நடுவே வெளிநாட்டுப் பயணம்

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்துவிட்டது. இப்போது எதற்கு இந்தப் பாடம் என்று கேட்கலாம். 2022 கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நிரப்ப வேண்டிய ஏர் சுவிதா படிவத்தை இந்தியா நவம்பர் 22-ல் நிறுத்தியது. எல்லோரும் அப்பாடா என்றோம். சரியாக நாற்பதே நாள். ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்திலிருந்து வருபவர்களுக்கு அதே படிவமும் ஆர்டி-பிசிஆரும் திரும்பி வந்தன. பிப்ரவரி 13-ல் மறுபடி போயின. விதிகளை மனப்பாடம் செய்து பயனில்லை. விதியைத் தேடிப் படிக்கும் முறைதான் கைகொடுக்கும்.

உதாரணத்துக்கு என் அத்தையின் பயணம். 2021 டிசம்பரில் மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா போனார். அவருக்கு அதுதான் முதல் விமானம். அவருக்காக விதிகளைப் படித்து ஏற்பாடு செய்த எனக்கும் இந்த வேலை முதல்முறை.

படி 1: ஒரு தாளில் பாதையை எழுதுங்கள்

கிளம்பும் ஊர், மாறும் ஊர், இறங்கும் ஊர். பயணி எந்த நாட்டு பாஸ்போர்ட், என்ன வயது, கடந்த 14 நாட்களில் எங்கெல்லாம் இருந்தார். இவ்வளவுதான், ஆனால் இதை எழுதாமல் இணையத்தில் தேட ஆரம்பித்தால் வேறு யாருக்கோ பொருந்தும் விதியைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். 2021 ஏப்ரல் 23-ல் பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் இந்தியாவிலிருந்து கிளம்பும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு 10 நாள் ஹோட்டல் தனிமை என்றானது. சுற்றுலா விசா வைத்திருக்கும் அவரது மாமாவுக்கு அனுமதியே இல்லாமல் போனது. ஒரே குடும்பம், ஒரே ஊர், இரண்டு விதி.

மாறும் ஊரையும் விட்டுவிடாதீர்கள். 2023 ஜனவரியில் வந்த அந்த ஆறு நாட்டு விதி, சிங்கப்பூர் வழியாக விமானம் மாறி வந்தவர்களுக்கும் பொருந்தியது. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதவர்களுக்கும்தான்.

படி 2: விதியை மூன்று இடத்தில், மூன்று முறை படியுங்கள்

முதலில் போகும் நாட்டின் சுகாதாரத் துறை அல்லது குடிவரவுத் துறையின் தளம். அடுத்து விமான நிறுவனத்தின் தளம். மூன்றாவது ‘டைமாடிக்’. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்தும் இந்தத் தகவல் தளத்தைப் பார்த்துத்தான் செக்-இன் கவுன்ட்டரில் உங்களை ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். தகுந்த காகிதம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் கவுன்ட்டரில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. பல விமான நிறுவனங்களின் தளத்திலேயே இதை இலவசமாகப் பார்க்கலாம்.

டிக்கெட் போடும் முன் ஒருமுறை, ஒரு வாரம் முன் ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ‘கடைசியாகப் புதுப்பித்த தேதி’ என்ன என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தத் தேதி மட்டும் எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும், ஏனோ.

படி 3: ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்)

இரண்டு விமானத்தையும் தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். நோய்க்காலத்தில் அந்த ஆசை வேண்டாம். அப்போதைய அமெரிக்க விதிப்படி முழுப் பயணமும் ஒரே முன்பதிவாக இருந்து, நடுவில் காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால், டெஸ்ட் கணக்கு சென்னையில் கிளம்பும் விமானத்திலிருந்து தொடங்கியது. தனித்தனி டிக்கெட் என்றால் அமெரிக்காவில் இறங்கும் கடைசி விமானத்திலிருந்து. அதாவது நடுவழியில், தெரியாத ஊரில், இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்திருக்கும். தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவையுங்கள்.

படி 4: பெயரும் இனிஷியலும்

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. ஆதாரில் முன்னால் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராகப் பின்னால், தடுப்பூசிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. ஊரில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. கவுன்ட்டரில் இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள்.

எல்லாக் காகிதத்தையும் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். பாஸ்போர்ட்டை மற்றவற்றுக்காக மாற்றாதீர்கள். 2021-ல் இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் பெயரைத் திருத்தவும் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் வசதி வந்தது. பிறந்த ஆண்டு மட்டும் போதாது, முழுப் பிறந்த தேதி வேண்டும் என்று பிரிட்டன் சொன்னபிறகு, வெளிநாடு செல்பவர்களுக்கென முழுத் தேதியோடு தனிச் சான்றிதழும் கிடைத்தது.

தடுப்பூசியின் பெயரையும் பாருங்கள். அத்தை போட்டது கோவாக்சின். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது 2021 நவம்பர் 3. அந்த அங்கீகாரம் உள்ள தடுப்பூசிகளையும் ஏற்று, தடுப்பூசி போட்ட வெளிநாட்டவருக்கு அமெரிக்கா கதவைத் திறந்தது நவம்பர் 8. ஐந்து நாள் வித்தியாசத்தில் தப்பித்தோம்.

படி 5: டெஸ்ட் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

அத்தையின் விமானம் டிசம்பர் 7, செவ்வாய், அதிகாலை நான்கு மணியளவில். வீட்டில் எல்லோரும் ‘திங்கட்கிழமை ராத்திரி ஃப்ளைட்’ என்றே சொன்னார்கள். டிக்கெட்டில் இருக்கும் தேதிதான் கணக்கு, வீட்டுப் பேச்சு அல்ல. அதுவரை அமெரிக்கா, தடுப்பூசி போட்டவர்களுக்கு மூன்று நாட்களுக்குள் எடுத்த டெஸ்ட் போதும் என்றிருந்தது. அதன்படி சனிக்கிழமைக்கு லேப்பில் சொல்லி வைத்திருந்தேன். ஒமைக்ரான் என்ற புதிய கொரோனா வகை வந்ததும், டிசம்பர் 6 முதல் ஒரே நாள் என்று சுருக்கிவிட்டார்கள். ‘ஒரு நாள்’ என்றால் 24 மணி நேரம் அல்ல, முந்தைய தேதி. செவ்வாய் விமானத்துக்குத் திங்கள் எந்த நேரத்தில் மாதிரி கொடுத்தாலும் செல்லும். ஞாயிறு இரவு பதினொன்றரைக்குக் கொடுத்தது செல்லாது.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் நான்கு மணி. கவுன்ட்டரில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு நிற்க வேண்டும். வீட்டிலிருந்து பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். ரிப்போர்ட்டில் பிழை இருந்தால் திருத்த இரண்டு மணி நேரமாவது வேண்டும், அப்படியானால் இரவு எட்டுக்குள் ரிப்போர்ட் கையில். லேப்பில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆக, திங்கள் காலை ஏழு மணிக்கே மூக்கில் குச்சி. “ஊசிகூடப் போட்டுக்குறேன்டா, இது வேணாம்” என்றார் அத்தை.

ரிப்போர்ட் மாலை ஆறுக்கு வந்தது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தவறு. அந்த இரண்டு மணி நேரம் அதற்குத்தான் போனது.

ரிப்போர்ட் வந்தவுடன் பார்க்க வேண்டியவை: பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, டெஸ்டின் வகை, கியூ.ஆர். குறியீடு வேலை செய்கிறதா. அப்புறம் நேரம். மாதிரி எடுத்தது, லேப்புக்கு வந்தது, முடிவு வந்தது என மூன்று நேரம் அச்சாகியிருக்கும். பெரும்பாலான நாடுகள் பார்ப்பது முதலாவதை. சட்டென முடிவு தரும் ஆன்டிஜென் டெஸ்டையும் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ஆனால் நடுவில் இறங்கும் நாடோ விமான நிறுவனமோ ஆர்டி-பிசிஆர்தான் வேண்டும் எனலாம். எல்லாவற்றிலும் கடுமையான விதி எதுவோ அதற்கே டெஸ்ட் எடுங்கள்.

படி 6: திரும்பி வருவதற்கு வேறு கணக்கு

அதே அத்தை பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்பினார். இந்தியா கேட்டது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். ஆன்டிஜென் செல்லாது. இங்கே தேதி இல்லை, மணிக்கணக்கு. ஏர் சுவிதாவில் பதிவேற்றி, வந்து ஏழு நாள் வீட்டுத் தனிமை. பிப்ரவரி 14-ல் அந்தத் தனிமையே நீக்கப்பட்டது. இன்னும் ஒரு வாரம் பேரனோடு இருந்திருப்பேனே என்று இன்றைக்கும் குறைப்படுகிறார்.

படி 7: பாசிட்டிவ் வந்தால்

கிளம்பும் முன் வந்தால் தேதியை மாற்றுங்கள், அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குணமான பிறகும் சில வாரம் ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் காட்டக்கூடும். கடந்த 90 நாட்களுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டும், பயணம் செய்யலாம் என்ற மருத்துவர் கடிதமும் இருந்தால் அமெரிக்கா நெகட்டிவுக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டது. எல்லா நாடும் அப்படி இல்லை.

அங்கே போனபின் வந்தால் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும். பயணக் காப்பீட்டில் கொரோனா சிகிச்சையும், தனிமைப்படும் நாட்களின் தங்கும் செலவும் சேருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் வேறு. பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கணக்குக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் அல்ல. எல்லாக் காகிதமும் இரண்டு செட் ஜெராக்ஸ், கூடவே ஒரு பேனா.